மிலிட்டரித் தாத்தாவின் மோட்டார் கடை

எங்கள் தாத்தா இந்திய ராணுவத்தில் இருந்தது 18 ஆண்டுகள். பெங்களூரு அல்சூரில் மோட்டார் காயில் கட்டும் கடை நடத்தியது 41 ஆண்டுகள். 2024 செப்டம்பரில், தமது 86ஆம் வயதில் அவர் காலமானபோது, எங்கள் தெருப் பிள்ளைகள் முனையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். அதில் மூவர்ணக் கொடி இருந்தது, சீறிப் பாயும் ஒரு டாங்கி இருந்தது, 'மண்ணின் மாவீரருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்ற வரியும் இருந்தது. அன்போடு செய்தார்கள், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் தாத்தா டாங்கி ஓட்டியவர் அல்லர். டாங்கி வருவதற்கு முன்னால் தரையில் தவழ்ந்து போனவர். மேலும் அந்தப் பேனரைக் கட்டிய பிள்ளைகளில் பாதிப் பேருடைய வீட்டு மோட்டார் ஏதாவது ஒரு காலத்தில் அவர் கையால் காயில் கட்டி ஓடியதுதான். அதைப் பற்றிப் பேனரில் ஒரு வரியும் இல்லை. அந்த இல்லாத வரிதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

அவர் பிறந்தது 1938இல், வேலூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். அந்த வட்டாரத்தில் பட்டாளத்துக்குப் போவதை வீரத்தின் கணக்கில் சேர்ப்பதைவிட மானாவாரி நிலத்தின் கணக்கில் சேர்ப்பதே நியாயம். 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிவிட்ட கம்மவான்பேட்டை இருப்பதும் அந்தப் பக்கம்தான். மழை பொய்த்தால் கடலை போகும், கடலை போனால் வட்டி ஏறும், வட்டி ஏறினால் வீட்டின் இளைய பிள்ளை ஆள் எடுக்கும் இடத்தில் போய் வரிசையில் நிற்பான். தாத்தா நின்றது 1957இல். நெஞ்சளவு அரை அங்குலம் குறைந்ததாகவும், மூச்சை இழுத்துப் பிடித்துச் சமாளித்ததாகவும் சொல்வார். இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் அந்த அரை அங்குலம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும்.

தேர்வானவரை ரயிலேற்றி அனுப்பிய இடம் பெங்களூரு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அறியப்படும் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் தலைமையகமும் பயிற்சி மையமும் அல்சூர் ஏரியை ஒட்டித்தான் இருக்கின்றன. 1780இல் இரண்டு கம்பெனிப் 'பயனியர்'களாக மெட்ராஸ் ராணுவத்தில் தொடங்கிய படை அது. பெயரில் மெட்ராஸ், இருப்பில் பெங்களூரு என்ற இந்த முரண் கண்டோன்மென்ட் பகுதித் தமிழர்களான எங்களுக்கும் அப்படியே பொருந்தும். படைகளோடும் படைகளுக்கு வேண்டிய தொழில்களோடும் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து வந்து அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜி நகர் என்று குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இங்கே ஏராளம். இந்தப் படையைச் சேர்ந்த வீரரை ராணுவம் முழுவதும் 'தம்பி' என்றுதான் அழைக்கும். தாத்தா அதைப் பதக்கத்தைவிடப் பெரிதாக வைத்திருந்தார். "நாயக்கு, அவில்தாருன்றதெல்லாம் பேப்பர்ல கண்ணு. வடக்கே போனா பஞ்சாபி ஆபீசருக்கும் நாம தம்பிதான்" என்பார்.

சாப்பர் என்பவர் போர் வீரர் மட்டும் அல்லர். துப்பாக்கிப் பயிற்சியோடு ஒரு கைத்தொழிலையும் கற்றாக வேண்டும்: தச்சு, கொத்து, குழாய், மின்சாரம் என்று ஏதாவது ஒன்று. தாத்தாவுக்கு வாய்த்தது மின்சாரம். அவர் ஊருக்கு அப்போது மின்சாரமே வரவில்லை. ஜெனரேட்டரின் உள்ளே செம்புக் கம்பி சுருண்டு கிடப்பதை முதல் தடவை பார்த்தபோது, "ஆயாவோட கொண்டை மாதிரி இருந்துச்சு" என்று எங்களிடம் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆயா, கல்யாணமாவதற்கு நான்கு வருஷத்துக்கு முன்னாலேயே என் கொண்டையை எங்கே பார்த்தாராம் என்று சமையலறையிலிருந்தே மடக்கினார்.

1962இல் கிழக்கு எல்லையில் சாலை போட்டார். 1965இல் மேற்கே இருந்தார். இவ்விரண்டையும் பற்றி அவர் சொன்னது மொத்தமும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குத் தேறாது. குளிர், கோதுமை ரொட்டி, கடிதம் வராத மாதங்கள், அவ்வளவுதான். ஊர் அவரிடம் கேட்டது 1971ஐப் பற்றி.

1971 டிசம்பர் 15, 16 தேதிகளில் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து நடந்த சண்டை, அந்தப் போரின் மேற்கு முனையில் நடந்தவற்றுள் கடுமையானது. பாகிஸ்தான் ராணுவம் அங்கே கண்ணிவெடிகளை அகலமான பட்டைகளாகப் புதைத்து வைத்திருந்தது. காலாட்படை இருட்டில் ஆற்றைக் கடந்து அக்கரையில் காலூன்றிவிட்டாலும், டாங்கிகள் அதன் பின்னால் போக வேண்டுமானால் கண்ணிகளை நீக்கி ஒரு பாதை திறந்தாக வேண்டும். அந்த வேலை 9ஆவது என்ஜினியர் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த தம்பிகளுடையது. பாதை முழுதாகத் திறப்பதற்குள், எதிரி டாங்கிகள் திரள்வதாக அக்கரையிலிருந்து செய்தி வந்தது. 17ஆவது பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் மீதமிருந்த கண்ணிகளைப் பொருட்படுத்தாமல் புகுந்து சென்றன. 21 வயதில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் டிசம்பர் 16 அன்று வீழ்ந்தது அந்தச் சண்டையில்தான். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. தாத்தாவிடமிருந்து நேராகத் தெரிந்துகொண்டது வேறு.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள், துளசித் தொட்டி மண்ணில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைப் புதைத்துவிட்டு, ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்துத் தேடச் சொன்னார். நான் மேலிருந்து நேராகக் குத்தினேன். "முடிஞ்சது" என்றார். பிறகு தாமே செய்து காட்டினார். குப்புறப் படுத்து, கம்பியை மண்ணோடு மண்ணாகச் சாய்த்துப் பிடித்து, விரல் நுனிக்கு மட்டும் தெரியும் அளவுக்கு மெல்ல உள்ளே விட வேண்டும். கண்ணியின் அழுத்தத் தட்டு மேல்பக்கம் இருப்பதால், கம்பி அதன் விலாவில்தான் தட்ட வேண்டுமே தவிரத் தலையில் தட்டக் கூடாது. தட்டுப்பட்டதும் கம்பியை எடுத்துவிட்டு, கையால் மண்ணை விலக்க வேண்டும். பிறகு இரண்டு அங்குலம் தள்ளி அடுத்த குத்து. டாங்கிக்காகப் புதைத்த கண்ணி ஒரு மனிதனின் எடைக்குப் பெரும்பாலும் வெடிக்காது. ஆனால் அதை எடுக்க வருகிறவனுக்காகவே இடையிடையே சின்னக் கண்ணிகளைப் புதைத்திருப்பார்கள். இவ்வளவையும் தோசை வார்க்கும் பக்குவத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, நாணயத்தை எடுத்துத் துடைத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பசந்தர் சண்டை நடந்த இரவில் ஒரு வெடிப்பில் அவருடைய இடது காது கேட்காமல் போயிற்று. பக்கத்தில் இருந்தவர் பிழைக்கவில்லை. அவரைப் பற்றிக் கேட்டால், "அவன் சேலம்" என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. பிற்காலத்தில் குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிகளும் ஆகஸ்ட் 15க்கு அவரை அழைத்துச் சால்வை போர்த்தத் தொடங்கியபோது, மேடையில் யாராவது ஒரு பையன், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காமல் இருக்க மாட்டான். "நான் யாரையும் சுடலப்பா, நான் குத்திக் குத்திப் பாத்தவன்" என்று பதில் சொல்வார். கூட்டம் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு கைதட்டும்.

1975இல் அவில்தாராக ஓய்வு பெற்றார். அப்போது வயது 37. வீட்டில் மூன்று குழந்தைகள். பென்ஷன் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போயிற்று. வங்கியிலோ தொழிற்சாலையிலோ வாசல் காவலுக்கு நிற்கும் வேலை முன்னாள் ராணுவத்தினருக்கு எளிதில் கிடைக்கும். கூட ஓய்வு பெற்றவர்கள் பலர் அதற்குத்தான் போனார்கள். தாத்தாவும் ஒரு மாதம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். வருகிறவனுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டுச் சல்யூட் அடிப்பது தமக்கு ஆகவில்லை என்று காரணம் சொன்னார். ஆயா சொன்ன காரணம் வேறு: உட்கார ஸ்டூல் தரவில்லையாம்.

எட்டு மாதம் சிவாஜி நகரில் ஒருவரிடம் கூலிக்கு மோட்டார் கட்டினார். 1976இல் அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால், பத்தடிக்கு எட்டடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். ஆயாவின் இரண்டு வளையல்கள் அட்வான்ஸாகப் போயின. கடைக்குப் பெயர் வைக்கவில்லை. 'மோட்டார் ரீவைண்டிங்' என்று மட்டும் தமிழில், கன்னடத்தில், ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தகரப் பலகை. முன்னாள் ராணுவத்தினர் என்று ஒரு வரி சேர்த்தால் மரியாதையாக இருக்குமே என்று எழுத வந்த ஓவியர் சொன்னதற்கு, "மோட்டார் ஓடுனா மரியாத தானா வரும், நீ இருக்கறத எழுது" என்றாராம்.

அந்தக் கடைக்கு நல்ல காலம் பிறந்ததற்குக் காரணம் காவிரி. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பெரிய ஆறு எதுவும் இல்லாத மேட்டில் இருக்கிற ஊர் பெங்களூரு. முதலில் ஹெசரகட்டா ஏரியும், 1930களிலிருந்து திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தன. காவிரி நீர் முதல் கட்டமாக வந்தது 1974இல். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவர வேண்டிய தண்ணீர் அது. இரண்டாம் கட்டம் 1982இலும் மூன்றாம் கட்டம் 1993இலும் வந்து சேர்ந்தன. இவ்வளவு பாடுபட்டு ஊருக்குள் வரும் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், மெலிந்த அழுத்தத்தில்தான் குழாயில் வரும். மாடிக்கு அது தானாக ஏறாது. எனவே வீட்டுக்கு வீடு தரைக்கடியில் ஒரு சம்ப், மொட்டை மாடியில் ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டார் ஒன்று. வோல்டேஜ் 170க்கு இறங்கும் கோடை மாலைகளில் அந்த மோட்டார்கள் வரிசையாகக் கருகின. கருகியவை சைக்கிள் கேரியரிலும் ஆட்டோவிலும், ஒரு தடவை குழந்தையைத் தள்ளும் வண்டியிலும் தாத்தாவின் கடைக்கு வந்தன.

காயில் கட்டும் வேலையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கருகிய மோட்டாரைத் திறந்தால் வளையமான இரும்பு உடலின் உட்புறம் முழுக்க ஸ்லாட்டுகள் இருக்கும். அவற்றுள் எனாமல் பூசிய செம்புக் கம்பி சுற்றுச்சுற்றாக அடைத்துக் கிடக்கும். அவசரக்காரர்கள் அதை உடனே வெட்டி எடுத்துவிடுவார்கள். தாத்தா முதலில் மூக்கை வைத்து முகர்வார். பிறகு நிறம் பார்ப்பார். எல்லாச் சுருளும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் வோல்டேஜ் குறைவு, அல்லது பாரம் அதிகம். ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கருகியிருந்தால் கெப்பாசிட்டரோ உள்ளே இருக்கும் சுவிட்சோ கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் கட்டிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் திரும்பி வரும். ஒரே இடத்தில் பொட்டுப்போலக் கருகியிருந்தால் அங்கே காப்புத்தாள் கிழிந்திருக்கிறது. அடிப்பக்கம் பச்சை பூத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காரணம் தெரியாமல் கம்பியில் கை வைக்க மாட்டார்.

அதன் பிறகுதான் நோட்டு வெளியே வரும். எத்தனை ஸ்லாட், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குச் சுருள் தாவுகிறது, ஒரு சுருளுக்கு எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ், எடுத்த பழைய செம்பின் எடை எவ்வளவு என்று எல்லாவற்றையும் நீல மையில் எழுதுவார். பழைய செம்பின் விலையைப் பில்லில் கழித்துக் கொடுப்பார். இந்தத் தொழிலில் அப்படிச் செய்பவர்கள் குறைவு, பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அது எரிச்சலாகவும் இருந்தது. ஆண்டுக்கு ஒரு நோட்டாக மொத்தம் 41 நோட்டுகள் இப்போது என் அலமாரியில் இருக்கின்றன. ஒரு பதிவை அப்படியே தருகிறேன்: "7.3.86. அரை எச்.பி. மோனோபிளாக். 24 ஸ்லாட். ரன்னிங் 21 கேஜ், ஸ்டார்ட்டிங் 24 கேஜ். பழைய செம்பு 1 கிலோ 150. மர்ஃபி டவுன் டீச்சர் வீடு. நாளை மறுநாள் கல்யாணம். இன்றே."

அந்த 'இன்றே'வுக்குப் பின்னால் வீடு முழுவதும் வேலை செய்தது. ஸ்லாட்டுக்குள் வைக்கும் லெதராய்டுத் தாளை அளவாக வெட்டி, ஓரம் மடித்து அடுக்குவது என் அம்மா, சித்தி, மாமா மூவரும் பள்ளி விட்டு வந்து செய்த வேலை. மூங்கிலைக் கீறிக் குச்சி சீவுவது ஆயா. வார்னிஷில் முக்கியெடுத்த மோட்டார்கள் வெயில் நாளில் மொட்டை மாடியிலும், மழை நாளில் 200 வாட்ஸ் பல்பு போட்ட ஒரு தகரப் பெட்டியிலும் காயும். எங்கள் வீட்டுத் துணிகளில் சோப்பு வாசனைக்கு அடியில் எப்போதும் வார்னிஷ் வாசனை இருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்கு வண்ணம் அடித்திருக்கிறீர்களா என்று விசாரித்ததாக அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். கடன் வசூல் ஆயாவின் இலாகா. தாத்தாவுக்குக் காது கேட்காத பக்கத்தில் நின்றுகொண்டு, பணம் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை ஆயா ஒருத்திதான் கையாள முடியும்.

வலது காது நன்றாகவே இருந்தது. ஓடும் மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவர் நுனியை ஊன்றி, பிடியை வலது காதோடு அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு பேரிங்கின் சத்தத்தைக் கேட்பார். "சோறு மெல்லுற மாதிரி இருக்கணும், முறுக்கு கடிக்கிற மாதிரி இருந்தா மாத்தணும்" என்பதே கடைப் பையன்களுக்கு அவர் கொடுத்த இலக்கணம்.

தவறே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. 1983ஆம் ஆண்டு நோட்டில் ஒரே ஓர் இடத்தில் சிவப்பு மை இருக்கிறது. சலவைத் தொழில் செய்த ஒரு குடும்பத்தின் மோட்டாரைக் கட்டிக் கொடுத்துப் பொருத்தியபோது எர்த் கம்பியை இணைக்காமல் வந்துவிட்டார்கள். பொருத்தியவன் கடைப் பையன், சரிபார்த்திருக்க வேண்டியவர் தாத்தா. ஈரக் கையோடு தொட்ட அந்த வீட்டுப் பெண்ணை மின்சாரம் தூக்கி எறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரிக்கும் வரை ஆறு வாரம், தினமும் விடியற்காலையில் அந்த வீட்டுக்குப் போய்த் துணி மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் தாத்தா கடை திறந்தார். நோட்டில் எழுதியிருப்பது மூன்று சொற்கள்: "எர்த். என் தப்பு." அதற்குப் பிறகு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், எர்த் கம்பி இல்லாத வீட்டுக்குச் சொந்தச் செலவில் இழுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

கல்லூரியில் படிக்கும்போது நான் இவற்றையெல்லாம் வைத்து ஓர் அழகான பாலம் கட்டினேன். கண்ணிவெடிப் பாதையில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு குத்தாக நகர்ந்த அதே கைதான் இங்கே சுற்றெண்ணிக் கம்பி சுற்றுகிறது என்றும், அங்கே கற்ற பொறுமைதான் இங்கே தொழிலானது என்றும் கல்லூரி மலருக்கு எழுதி, அச்சானதை அவரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இல்ல கண்ணு. எண்ணாம கட்டுனா காயில் எரிஞ்சிடும், அதனால எண்றேன்" என்றார். நான் விடவில்லை, பசந்தரில் கற்ற நிதானம் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். "அங்க நிதானம்லாம் ஒண்ணும் இல்ல. பயம்தான். இங்க பயம் இல்ல. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எழுதுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட பாலங்கள் மேல் ஒரு சபலம் உண்டு. அவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அது இன்றும் எழத்தான் செய்கிறது, அவர் கேட்ட கேள்விக்கும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

காவிரியால் நடந்த கடை காவிரியால் மூடவும் நேர்ந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானதை அடுத்து, 1991 டிசம்பர் 12ஆம் தேதி பெங்களூருவில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. அந்த மாத நோட்டில் 11 நாட்களுக்கு, ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் 'மூடல்' என்று எழுதியிருக்கிறது. இடையில் 15ஆம் தேதிக்கு மட்டும், 'மூடல்' என்பதன் கீழேயே ஒரு பதிவு: "பின்வாசல் வழி. எதிர்த்தெரு. வீட்டில் பிரசவம். பணம் பிறகு." எதிர்த்தெருக்காரர்கள் கன்னடர்கள். வெளியே தலை காட்டக் கூடாத அந்த நாளில் எதற்காகப் போனீர்கள் என்று ஆயா சண்டை பிடித்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தண்ணீர் இல்லாத வீட்டில் எப்படிப் பிரசவம் பார்ப்பது என்பதுதான் அவர் பதில். ஆயா அதை ஏற்கவில்லை. அந்தக் கோபம் அவளிடம் பல வருஷம் இருந்தது, அது நியாயமான கோபம் என்றே நானும் நினைக்கிறேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றவள் அவள்தானே.

கடை திறந்த பிறகு பலகையைத் திரும்ப எழுதினார்கள். கன்னடம் மேலே போயிற்று, தமிழ் கீழே வந்தது. தாத்தா அதற்கு அலட்டிக்கொள்ளவில்லை. படிக்கத் தெரிந்தவனுக்கு எங்கே இருந்தாலும் தெரியும் என்றார். அவரை உறுத்தியது வேறொன்று. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் 1991இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சாக்கு உருவத்தைப் பார்த்துக்கொண்டே போவார். 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டபோது கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு வந்து, "நான் பட்டாளத்துல இருந்த அதே பதினெட்டு வருஷம். அவருக்குப் பென்ஷன் உண்டான்னு தெரியல" என்றார்.

கடை மெலியத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தன. அவற்றில் அரை எச்.பி. மோட்டாருக்கு வேலையில்லை. போர்வெல் ஆயிரம் அடிக்கும் கீழே போயிற்று. அங்கே இறங்கும் நீர்மூழ்கி மோட்டாரைத் தூக்கக் கிரேன் வேண்டும், கட்டப் பெரிய பட்டறை வேண்டும். சின்ன மோட்டார்களிலோ புதியதன் விலை இறங்கிக்கொண்டே வர, செம்பின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. காயில் கட்டும் கூலியோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம் என்ற நிலை வந்தபோது, வருகிறவர்களிடம் அதைத் தாமே சொல்லி அனுப்பிவிடுவார். வியாபாரி செய்யக் கூடாத காரியம் அது, மாமா தலையில் அடித்துக்கொள்வார். 2017இல் கட்டட உரிமையாளர் இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னதும் சாவியைக் கொடுத்துவிட்டார். அவரிடம் தொழில் கற்ற பையன்களில் இருவர் இன்றும் லிங்கராஜபுரம் பக்கம் கடை வைத்திருக்கிறார்கள். கருவிகள் அவர்களுக்குப் போயின. நோட்டுகளை மட்டும் கொடுக்கவில்லை.

கடை மூடிய பின் அவர் முழுநேர முன்னாள் ராணுவத்தினர் ஆனார். முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் கிளினிக்கில் மாதத்துக்கு ஒரு நாள், கேன்டீனில் ஒரு நாள் என்று பொழுது போயிற்று. 'ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்' திட்டம் 2014 ஜூலையிலிருந்து கணக்கிடப்பட்டு நிலுவைத் தொகை தவணை தவணையாக வந்தபோது, முதல் தவணையில் ஆயாவுக்கு இரண்டு வளையல்கள் வாங்கினார். 40 வருஷம் கழித்து வட்டியில்லாமல் கொடுக்கிறார் என்று அவள் கையில் போட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுத்த இரண்டு வருஷம்தான் அவள் இருந்தாள்.

ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியர் தாம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். பெருவிரலை வைத்தால் போதும் என்று கருவி வந்த பிறகு, தாத்தாவின் விரலை அந்தக் கருவி ஏற்க மறுத்தது. 41 ஆண்டுகள் எனாமல் கம்பி ஓடி ஓடியும், வார்னிஷையும் தின்னரையும் துடைத்துத் துடைத்தும் ரேகைகள் மழுங்கியிருந்தன. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, வங்கியில் இருந்த பெண், "சார், உங்க ரேகை வரமாட்டேங்குது" என்று ஏதோ அவர் ஒளித்து வைத்திருப்பதுபோலச் சொன்னாள். மூன்று மாதம் பென்ஷன் நின்றது. பிறகு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போர்க் காயத்துக்கு ஆதாரமாக ராணுவம் அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தது. இந்தக் காயத்துக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது, அதனால் வரிசையில் திரும்பத் திரும்ப நிற்க வேண்டியிருந்தது.

2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்குத் தவித்தது. போர்வெல்கள் வறண்டு, டேங்கர் லாரிக்குக் காத்திருந்த நாட்கள். எங்கள் வீட்டு மோட்டார் வெறும் சம்பில் ஓடிக் கருகிப்போனது. புதிதாக வாங்கிவிடலாம் என்று மாமா சொன்னதைக் காதில் வாங்காத மாதிரி, தாத்தா இடது காதைக் காட்டித் திரும்பிக்கொண்டார். தரையில் பாயைப் போட்டு, என்னை எதிரில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் கட்டினேன். அவர் கை நடுங்கியது. ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணச் சொன்னார். மூன்றாவது சுருளில் அம்மா ஏதோ கேட்க, நான் பதில் சொல்ல, எண்ணிக்கை தவறிவிட்டது. 68 ஆகவும் இருக்கலாம், 69 ஆகவும் இருக்கலாம். ஒரு சுற்றில் என்ன ஆகிவிடும் என்றேன். "ஒண்ணும் ஆகாது. ஓடும். பிரி" என்றார். பிரித்துவிட்டு மறுபடி கட்டினேன். மூன்று நாள் ஆயிற்று. அந்த மோட்டார் இப்போதும் ஓடுகிறது.

அவர் போன பிறகு, மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான்களை ஒழிக்கப் பழைய இரும்புக்காரரை வரவழைத்தோம். அங்கே தகர வில்லை கட்டிய இரண்டு மோட்டார்கள் இருந்தன. ஒன்றில் 12.8.98 என்றும் மற்றதில் 3.11.04 என்றும் தேதி. கட்டி முடித்து, வார்னிஷ் போட்டு, சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொள்ளாததால் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தவை. நோட்டைப் பார்த்தேன். முதல் மோட்டார் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டுடையது. அந்த முகவரியில் இப்போது ஆறு மாடிக் கட்டடம் நிற்கிறது. இரண்டாவதற்கு முகவரியே இல்லை, 'சிவப்பு ஸ்கூட்டர், மீசை' என்று மட்டும் எழுதியிருக்கிறார். இரும்புக்காரர் செம்பு எடையைக் கையாலேயே நிதானித்துவிட்டு நல்ல விலை சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். சைக்கிள், பழைய கிரைண்டர், உடைந்த கட்டில் ஆகியவற்றை மட்டும் எடைபோட்டுக் கொடுத்து அனுப்பினோம்.